எந்தத் தேதிக்குப் பொன்விழா? – வாசகர் கேள்வி பதில்

சின்னத்திரை, பெரிய திரை, நாடக மேடை ஆண்டு விழாக்கள் பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் வாசகர் வட்டத்தில் 2026-க்குள் ‘தூர்தர்ஷன் பொன்விழா’ என்று ஒரு மாலை நிகழ்ச்சி வைக்கப் போகிறோம். ஒருவர் 1959 என்கிறார், ஒருவர் 1975 என்கிறார், இன்னொருவர் 1976 என்று அடித்துச் சொல்கிறார். அழைப்பிதழில் எதைப் போடுவது?
– வாசகர், மேலூர்

பதில்: மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் மூவரும் மூன்று வெவ்வேறு பிறந்தநாளைச் சொல்கிறார்கள். டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது 1959 செப்டம்பர் 15. அது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகத்தான் நடந்தது. அன்றாட ஒளிபரப்பாக மாறியது 1965-இல். பம்பாய்க்கு 1972 அக்டோபர் 2-இலும் சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15-இலும் தொலைக்காட்சி வந்தது. வானொலியிலிருந்து பிரிந்து தூர்தர்ஷன் தனி அமைப்பானது 1976 ஏப்ரல் 1.

ஆக, 2026-இல் பொன்விழா என்று போட இடம் கொடுப்பது கடைசித் தேதி ஒன்றுதான். ‘தூர்தர்ஷன் தனி அமைப்பாகி 50 ஆண்டு நிறைவு’ என்று அச்சடியுங்கள். ‘நிறைவு’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். 50-ஆம் ஆண்டு என்றால் 49 முடிந்து 50 நடக்கிறது என்று பொருள். பாதி அழைப்பிதழ்களில் சண்டை வருவது இந்த ஒரு சொல்லால்தான்.

இன்னொன்று. சென்னைத் தேதியை மதுரைக்கு ஒட்டாதீர்கள். 1975-இல் சென்னைக் கோபுரத்தின் வீச்சு சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. மேலூர் மொட்டை மாடிகளில் ஆன்டெனா முளைத்து, எல்லாம் மேற்கே கொடைக்கானல் மலையின் ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. அதே 1975 ஆகஸ்டில் தொடங்கிய, கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளைக் காட்டிய ‘சைட்’ செயற்கைக்கோள் திட்டத்தையும் சிலர் இதோடு குழப்புவார்கள். அது ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களில் நடந்தது. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை.

உங்கள் ஊரின் சொந்தத் தேதி வேண்டுமா? நிகழ்ச்சிக்கு வருகிறவர்களிடம் டிவி வாங்கிய பில்லையும், தபால் ஆபீசில் பணம் கட்டிய டிவி லைசென்ஸையும் கொண்டுவரச் சொல்லுங்கள். லைசென்ஸில் விழுந்திருக்கும் தபால் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். ஊரில் கிடைக்கும் மிகப் பழைய முத்திரையைப் பெரிதாக்கி மேடையில் வையுங்கள். நினைவிலிருந்து சொல்லும் எந்த ஆண்டையும்விட அது உறுதியானது.

கேள்வி: அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு நாடக நோட்டீஸ் கிடைத்தது. ‘ஆடி 17 வெள்ளிக்கிழமை இரவு 9.30’ என்று இருக்கிறது. வருடம் இல்லை. ‘தரை 2 அணா, பெஞ்சு 4 அணா, நாற்காலி 8 அணா, வரி உட்பட’ என்று அடியில் போட்டிருக்கிறது. எத்தனையாவது ஆண்டு நினைவு என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: அம்மா, உங்கள் கையில் இருப்பது அருமையான காகிதம். வருடத்தைத் தவிர எல்லாமே அதில் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் காசு. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. அதன் பிறகும் வாய்ப்பேச்சில் அணா ஓடியது. ஆனால் அச்சிட்ட கட்டணத்தில் அணா மட்டும் இருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. அடுத்து ‘வரி உட்பட’. சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரிச் சட்டம் 1939-இல் வந்தது. அப்படியானால் நோட்டீஸ் 1939-க்கும் 1957-க்கும் நடுவில்.

இப்போது கிழமை. ஆடி முதல் தேதி ஜூலை 16 அல்லது 17-இல் விழும். ஆடி 17 என்றால் ஆகஸ்ட் 1 அல்லது 2. இந்த இடைவெளியில் ஆகஸ்ட் 1 வெள்ளிக்கிழமையாக வந்த ஆண்டுகள் 1941, 1947, 1952. ஆகஸ்ட் 2 வெள்ளியாக வந்தவை 1940, 1946. (1957-இலும் வரும். அதை அணாக் கணக்கு தள்ளிவிடுகிறது.) பதினெட்டு ஆண்டு ஐந்தாகச் சுருங்கிவிட்டது. இந்த ஐந்து ஆண்டுகளின் பஞ்சாங்கத்திலும் ஆடி 1 எந்த ஆங்கிலத் தேதி என்று பார்த்தால் இன்னும் சில உதிர்ந்துபோகும்.

மிச்சத்துக்கு நோட்டீஸின் ஓரங்களைப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும். அப்போது நடப்பில் இருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் போட்டே தீர வேண்டியிருந்தது. அந்த அச்சகம் எந்த ஆண்டுகளில் நடந்தது என்று அதே தெருவின் பழைய கடைக்காரர்களிடம் விசாரிக்கலாம். அதே அச்சகம் அடித்த வேறு நோட்டீஸ்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றனவா என்றும் கேட்கலாம். நாடக, சினிமா நோட்டீஸ்களுக்கும் பாட்டுப் புத்தகங்களுக்கும் அதைப் போன்ற இடம் வேறில்லை.

மற்ற வாசகர்களும் பெட்டியைத் திறந்து பார்ப்பீர்கள் என்பதால் இன்னும் சில அடையாளங்கள். முகவரியில் ‘மதுரை – 625’ என்று ஆறு இலக்கம் தொடங்கினால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. அன்றுதான் பின்கோடு வந்தது. கட்டணத்தில் ‘ந.பை.’ என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். லை, ணை, றா போன்றவை பழைய கொம்பு, சுழி வடிவத்தில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் சின்ன அச்சகங்கள் பழைய ஈய எழுத்தை உடனே தூக்கிப் போடவில்லை. அதனால் இந்த அடையாளத்தை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது. பிரபவ, விபவ என்று தமிழ் ஆண்டின் பெயர் இருந்தால் வேலை எளிது. 60 ஆண்டுக்கு ஒருமுறைதான் அது திரும்ப வரும்.

நோட்டீஸை லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதத்தைக் கிழிக்காமல் எடுக்க முடியாது. செல்லோடேப்பும் வேண்டாம். அதன் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும்.

கேள்வி: சந்திரனில் மனிதன் கால் வைத்த நாள் ஜூலை 20-ஆ, 21-ஆ? வினாடி வினாவில் இரண்டு பதிலும் வந்து தகராறு ஆகிவிட்டது.
– மாணவர், உசிலம்பட்டி

பதில்: அமெரிக்கக் கடிகாரப்படி 1969 ஜூலை 20 இரவு. நம் கடிகாரப்படி கலம் இறங்கியது 21-ஆம் தேதி அதிகாலை 1.47. ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது அன்று காலை 8.26. அப்போது தமிழ்நாட்டில் தொலைக்காட்சியே இல்லை. உசிலம்பட்டி அதை ரேடியோவில்தான் கேட்டது. கேள்வித்தாளில் ‘இந்திய நேரப்படி’ என்று ஒரு சொல் சேர்த்தால் தகராறு இல்லை.

கேள்வி: தொலைக்காட்சிக்கு நூற்றாண்டு என்கிறார்களே, பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகள் ஏதாவது செய்ய முடியுமா?
– ஆசிரியை, வாடிப்பட்டி

பதில்: செய்யலாம் டீச்சர். லண்டன் ஃப்ரித் தெருவில் ஜான் லோகி பேர்டு அறிஞர்கள் முன்னால் நகரும் படத்தைக் காட்டியது 1926 ஜனவரி 26. நூற்றாண்டு அதற்குத்தான். அது சுழலும் தட்டை வைத்து இயங்கிய முறை. மின்னணு முறையில் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் ஒற்றைக் கோட்டை அனுப்பிக் காட்டியது 1927 செப்டம்பர் 7. எனவே 2027-இல் இன்னொரு நூற்றாண்டு காத்திருக்கிறது.

பேர்டு முறையின் உயிர் அந்தத் தட்டு. கெட்டியான கறுப்பு அட்டையில் 16 செ.மீ. ஆரத்தில் வட்டம் வெட்டுங்கள். மையத்திலிருந்து 12 டிகிரிக்கு ஒன்றாக 30 கோடுகள் இழுங்கள். முதல் கோட்டில் மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி 1 மி.மீ. ஓட்டை. அடுத்ததில் 1 மி.மீ. உள்ளே தள்ளி. இப்படியே சுருள் போல 30 ஓட்டை. ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடையில் சுமார் 3 செ.மீ. இருக்கும். சுருளின் உயரமும் 3 செ.மீ. ஆகவே கிடைக்கும் படச்சட்டம் மூன்றுக்கு மூன்று. நடுவில் சின்ன டிசி மோட்டார் வைத்துச் சுழற்றி, பின்னால் எல்இடி விளக்கை வையுங்கள். வேகம் கூடக் கூட ஓட்டைகள் மறைந்து ஒளிச்சதுரம் ஒன்று நிற்கும். அதுதான் 30 கோட்டுத் திரை. நம் வீட்டுப் பழைய டிவிக்கு 625 கோடு.

கெடுவது எங்கே என்றால் ஓட்டை போடும்போதுதான். காம்பஸ் முனையால் குத்தினால் ஒன்று பெரிது, ஒன்று சிறிது ஆகும். படத்தில் கறுப்புப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் விழும். 1 மி.மீ. டிரில் பிட்டைக் கையால் திருகியே போடுங்கள். தட்டு சுழலும்போது முகத்தை எதிரே வைக்காதபடி கண்ணாடித் தாள் மறைப்பு ஒன்று வேண்டும்.

கேள்வி: 1951-இல் வந்த அமெரிக்கத் தொடர் ‘ஐ லவ் லூசி’ இன்றும் பளிச்சென்று இருக்கிறது. அதற்குப் பிறகு பி.பி.சி.யில் வந்த பல நிகழ்ச்சிகள் காணோம் என்கிறார்கள். ஏன்?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: எதில் பதிவு செய்தார்கள் என்பதில்தான் எல்லாம். அந்தத் தொடர் முதலில் ஒளிபரப்பானது 1951 அக்டோபர் 15. 2026-இல் 75 ஆண்டு நிறைவு. அந்தக் காலத்தில் நேரடியாக நடித்து, டிவி திரையையே ஃபிலிம் கேமராவால் படம்பிடித்து மற்ற ஊர்களுக்கு அனுப்புவார்கள். படம் மங்கிப்போகும். லூசில் பாலும் அவர் கணவர் தேசி அர்னாஸும் அதற்கு ஒப்பாமல், பார்வையாளர் முன்னால் மூன்று கேமரா வைத்து நேரே 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள். ஒளிப்பதிவு கார்ல் ஃப்ராய்ண்ட். நெகடிவ் இருந்தது, அதன் உரிமையும் அவர்கள் கம்பெனியிடம் இருந்தது. அதனால் பிழைத்தது.

1956-இல் இரண்டு அங்குல வீடியோ டேப் வந்தது. அழித்து அழித்து எழுதலாம் என்பதே அதன் பெருமை. அதுவே வினையாகவும் ஆயிற்று. டேப் விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கும் வழியில்லை என்று பி.பி.சி. 1960-களிலும் 70-களிலும் ஏராளமாக அழித்தது. ‘டாக்டர் ஹூ’ தொடரின் பல பகுதிகள் அப்படிப் போயின. ஆனால் போன பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஒலி மட்டும் கிடைத்துவிட்டது. வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்த ரசிகர்களால்தான் அது சாத்தியமாயிற்று. இதனால்தான் அடுத்த கேள்வியை எழுதியவரை நாங்கள் கெஞ்சிக் கேட்கிறோம்: அந்தக் கேசட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைத் தொடர்களும், நடுவில் வந்த விளம்பரங்களும், வெள்ளிக்கிழமைப் பாட்டுகளும் பதிவு செய்த இருபது வீடியோ கேசட் மாடி அறையில் கிடக்கிறது. ‘ராமாயணம்’ தொடங்கி 2027-இல் 40 ஆண்டு ஆகிறது. அதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியுமா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: முடியும். 1987 ஜனவரி 25 ஞாயிறு அன்று அந்தத் தொடர் தொடங்கியது. நாள் இருக்கிறது. தொடர் எப்படியும் கிடைக்கும். உங்கள் கேசட்டின் மதிப்பு நடுவில் வந்த விளம்பரத்திலும் அறிவிப்பாளர் பேச்சிலும் இருக்கிறது. அதை வெட்டாமல் ஏற்றுங்கள்.

முதல் வேலை, மாடி அறையிலிருந்து கீழே கொண்டுவருவது. நம் ஊர் சித்திரை வெயிலில் தகரமோ ஓடோ போட்ட அறையில் டேப் நெளிந்துவிடும். ஒரு நாள் கீழே ஆறவிட்டு, கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே சுருளைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ மாவு தூவியது போல இருந்தால் பூசணம். அதை டெக்கில் (கேசட் ஓட்டும் கருவியில்) போடவே கூடாது. ஒரு கேசட்டின் பூசணம், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த பத்துக்கும் பரவும். அவற்றைத் தனியாகப் பையில் கட்டி, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல கேசட்டின் முதுகில் இடப்பக்க ஓரத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிடுங்கள். தவறி ரெக்கார்ட் அமுக்கினாலும் அழியாது. ஓட்டுவதற்கு முன் கடைசிவரை முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை சுற்றுங்கள். இருபது, முப்பது ஆண்டு ஒரே நிலையில் கிடந்த சுருள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். நேரே பிளே அமுக்கினால் அங்கே இழுத்து மடிக்கும்.

ஹெட் துடைக்க 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், மான்தோல் துணி. ஹெட் இருக்கும் உருளையைக் கையால் திருப்பிக்கொண்டு துணியை அசையாமல் பிடியுங்கள். பஞ்சுக் குச்சியால் மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துபோகும். அதற்குப் பிறகு டெக்கே வீண்.

ஏற்றும்போது ‘பால்’ (PAL) எனப்படும் நம் நாட்டு டிவி முறை, 720-க்கு 576 புள்ளி, நொடிக்கு 25 பிரேம் என்று வையுங்கள். மலிவான யுஎஸ்பி கருவி பலவும் என்டிஎஸ்சி என்ற அமெரிக்க முறையில்தான் தொடங்கும். அதை மாற்றாவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாக உருளும். டிஜிட்டல் வீடியோ (DV) முறையில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி. மூன்று மணி நேரக் கேசட் இருபது என்றால் 780 ஜிபி. ஆகவே 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில், இன்னொன்று வேறு வீட்டில்.

கேள்வி: மரப்பெட்டியும் இழுக்கிற ஷட்டரும் வைத்த கறுப்பு வெள்ளை டிவி ஒன்று இருக்கிறது. கண்காட்சியில் ஓடுகிற நிலையில் வைக்க ஆசை. பிளக்கில் சொருகிப் பார்க்கலாமா?
– வாசகர், அலங்காநல்லூர்

பதில்: சொருகாதீர்கள். பல ஆண்டு கரண்டு பார்க்காத கன்டென்சர்கள் முழு 230 வோல்ட்டைத் திடீரென்று வாங்கினால் வெடிக்கும், கூடவே டிரான்ஸ்ஃபார்மரையும் கொண்டுபோகும். பழைய டிவி பழுது பார்த்த மெக்கானிக்கை வைத்துத்தான் திறக்க வேண்டும். பிக்சர் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்கு அடியில் 15,000 வோல்ட் அளவுக்கு வரும். அணைத்த பிறகும் அங்கே தங்கியிருக்கும்.

அவர் தூசியை ஊதி, கன்டென்சர்களைப் பார்த்துவிட்டு, 100 வாட் குண்டு பல்பைச் செட்டோடு தொடர் இணைப்பில் (சீரீஸில்) போட்டுக் கரண்டு கொடுப்பார். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சேதி. மங்காமல் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட். உடனே அணைக்க வேண்டும். வால்வு வைத்த செட் என்றால் 200 வாட் பல்பு.

செட் உயிர் பெற்றாலும் புள்ளி மழைதான் தெரியும். பிடிக்க ஒளிபரப்பு இல்லை. டிவிடி பிளேயரிலிருந்து படம் கொடுக்க, அதை ஆன்டெனா வழியே வரும் அலை போல மாற்றித் தரும் ஆர்எஃப் மாடுலேட்டர் வேண்டும். இங்கே இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். உங்கள் செட் விஎச்எஃப் என்ற அலைவரிசையை மட்டும் பிடிக்கும். அதைவிட உயர்ந்த யுஎச்எஃப் அலைவரிசை மாடுலேட்டர் வாங்கினால் ஒன்றும் வராது. அடுத்தது, அமெரிக்க முறை மாடுலேட்டரில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 4.5 மெகாஹெர்ட்ஸ், நமக்கு 5.5. படம் வரும், சத்தம் வராது. வாங்கும்போதே ‘பால் பி’ (PAL-B) என்று கேளுங்கள். ஆன்டெனா முனை இரண்டு திருகாக இருந்தால் 75-இலிருந்து 300 ஓமுக்கு மாற்றும் சின்ன பேலன் ஒன்றும் வேண்டும்.

யாராவது ‘உள்ளேயே ஏவி ஒயர் இழுத்துவிடலாம்’ என்றால் ஒப்பாதீர்கள். அந்தக் காலத்துச் செட் பலவற்றில் சேஸிஸே (உள்ளிருக்கும் உலோகச் சட்டமே) மெயின் கரண்டோடு சேர்ந்திருக்கும். கண்காட்சிக்கு வரும் குழந்தை டிவிடி பிளேயரைத் தொட்டால் ஷாக் அடிக்கும்.

கேள்வி: தங்கம் தியேட்டர் நினைவாக ‘பராசக்தி’யைத் திறந்தவெளியில் போட நினைக்கிறோம். 75 ஆண்டு என்றைக்கு? தீபாவளியன்று போடலாமா? அனுமதி வேண்டுமா?
– ரசிகர் குழு, மதுரை

பதில்: படம் வெளியானது 1952 அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை, தீபாவளி. ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கிய தங்கத்தில் ஓடிய முதல் படமும் அதுவே. 75 நிறைவது 2027 அக்டோபர் 17. தீபாவளி திதியைப் பொறுத்து நகரும். அதனால் ஆங்கிலத் தேதியையே பிடித்துக்கொள்ளுங்கள். தீபாவளியன்று போட்டால் ‘வெளியான தீபாவளி நினைவாக’ என்று எழுதினால் போதும்.

உரிமை விஷயத்தில் கவனம். இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் 60 ஆண்டு. 1952 படத்துக்கு 2012 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் கதை, வசனம், பாட்டு ஆகியவற்றுக்கு எழுதியவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டு என்று தனிக் கணக்கு உண்டு. புதிதாகச் சுத்தம் செய்த பிரதி என்றால் அதைக் கொடுப்பவரின் நிபந்தனை வேறு. ஆகவே பிரதி தருபவரிடம் பொதுத் திரையிடலுக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் மாநகராட்சி, காவல் நிலைய அனுமதி தனி. இரவு 10 மணிக்குள் ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். படம் நீளம். மாலை 6.30-க்கே தொடங்கிவிடுங்கள்.